டைல்ஸ் ஒட்டி முடிவதற்குள்

“கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சு இன்னா கிழிக்கப் போற?” என்று, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போன என்னிடம் ஒருவர் கேட்டதுண்டு. நேற்று பொழிச்சலூர் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் அதே பள்ளியின் இன்றைய டீச்சரும் ஒரு சித்தாளும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“டைல்ஸை மெதுவா ஒட்டச் சொல்லும்மா.”

“இன்னா டீச்சர் சொல்றீங்க?”

“ஃபிளாட் வேலை முடிஞ்சா பிள்ளைங்களோட கிளம்பிடுவீங்க. ஆபீசர் தலை எண்ண வர்றப்ப ஆளில்லன்னா ஸ்கூலையே மூடிடுவாங்க.”

“நாங்க கட்டுன ஃபிளாட்டுக்குக் குடிவர்றவங்க புள்ளைங்கள சேத்துக்கோங்களேன்!”

“அதுங்களுக்கு வாசல்லயே வேன் வந்து நிக்குதே.”

சித்தாள் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

மேல்மாடிகளில் அவர்கள் இன்னும் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டடத்தின் முதல் மாடிக்கு நாங்கள் ஏற்கெனவே குடிவந்துவிட்டோம். “என் பொண்ணு இனிமே நான் படிச்ச ஸ்கூலுக்கு நடந்தே போவா, வேன் வேணாம்ணா” என்று அன்று காலையிலேயே வேன்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறியிருந்தேன்.