ராகு காலம் பார்க்கும் மெஷின்

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்கால். மின்சார ரயில் பொத்தேரியைத் தாண்டியது. எதிர் இருக்கையில் மடியில் லேப்டாப்போடு ஒருவன், பக்கத்தில் அவன் நண்பன்.

"மெஷினு ராகு காலம் பாக்குது மச்சான்."

காலண்டர் பார்க்காமல் கிளம்பிவிட்ட நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாடா சொல்றே?"

"புரோகிராம் கோட் எழுதிப் போட்டா அதுவே டெஸ்ட் பண்ணி வெப்சைட்ல ஏத்துற மாதிரி செட் பண்ணேன் இல்ல? ராகு காலத்துல எதுவும் ஏறக்கூடாதுன்னு எங்க கம்பெனி ஓனரு ஒரு ரூலு சேக்கச் சொன்னாரு. சேத்தேன்."

"சரி, இப்ப இன்னா அவசரம்?"

"மாமல்லபுரம் ரிசார்ட்டு சைட்டு ஒரே ரூமை மூணு குடும்பத்துக்குக் குடுத்துகினு கீது. சரி பண்ணிட்டேன், ஏற மாட்டேங்குது. அவங்க வந்து நின்னா என் வேலை போச்சு."

"ரூலைத் தூக்கிடேன்."

"தூக்குனா அதுவும் இந்த வழியாத்தானே ஏறணும்? பன்னண்டு வரைக்கும் வுடாது."

"சாவியை உள்ள வெச்சு வூட்டைப் பூட்டிகினு வந்துகீறே."

நான் இறங்க வேண்டிய ஊரப்பாக்கம் போயேவிட்டது. அவனுடைய போன் அடித்தது. பார்த்தான், எடுக்கவில்லை.

"யாருடா?"

"ஓனரு. ராகு காலத்துல போனையே தொட மாட்டாரு மச்சான். அவரே அடிக்கிறாருன்னா மூணு குடும்பமும் வந்துட்டாங்க."