கன்னியாகுமரியை இழுத்து விட்ட வகுப்பு

என்னய்யா, எல்லாரும் மூஞ்சியை இவ்வளவு சோகமா வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? மாற்றுத்திறனாளிகள் தின விழான்னு நோட்டீஸ் அடிச்சிருந்தீங்க. வந்து பார்த்தா துக்க வீடு மாதிரி இருக்கு! சரி... உங்களுக்குன்னு ஒரு சின்னக் கதை கொண்டாந்திருக்கேன். அதை முதல்ல சொல்லிடறேன். அப்புறமா உங்களைத் திட்டுறேன்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளி. அங்க ரெண்டு டீச்சர். பொற்செல்வி... சமூக அறிவியல். ஜெசிந்தா... கணக்கு. பதினோரு வருஷச் சிநேகிதம். ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்தா இன்னொருத்தி கைதான் முதல்ல உள்ள போகும்.

பொற்செல்விக்கு முப்பத்தாறு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. காய்ச்சல் போச்சு... போகும்போது ரெண்டு கண்ணுப் பார்வையையும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. "நரம்பு போயிருச்சும்மா, இனி திரும்பாது"ன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு.

வந்தாங்கய்யா நம்ம ஆளுங்க! ஆப்பிள் பையைத் தூக்கிக்கிட்டு, ஆட்டோ ஆட்டோவா வந்தாங்க. "ஐயோ... இனிமே யாரு இவளுக்குச் சமைச்சுப் போடுவா?" இது ஒரு அம்மா. "அவ புருஷன்தான் பாவம்..." இது இன்னொரு அம்மா. ஏம்மா, அவளுக்குக் கண்ணுதானே போச்சு? காதுமா போச்சு? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு அவ சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கா.

ஜெசிந்தா மட்டும் வரல. போன்ல "வரேன்டி"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஒரு வாரம்... ரெண்டு வாரம்... ஏழு வாரம்! ஊரு சும்மா இருக்குமா? "பார்த்தீங்களா, கண்ணு இருக்கிற வரைக்கும்தான் சிநேகிதம்"னு பேசுச்சு. பொற்செல்வியும் அதை நம்பிட்டா... அதுதான் கொடுமை.

எட்டாவது வாரம் ஒரு சாயந்திரம் வந்து நிக்குறா ஜெசிந்தா. வந்ததும் என்ன கேட்டா தெரியுமா?

"அழுது முடிச்சிட்டியா?"

"என்னடி பேசுற? கண்ணு போனவகிட்ட..."

"கண்ணு போச்சு, தெரியும். அழுது முடிச்சிட்டியான்னு கேட்டேன். முடியலையா, முடி. நான் உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்துட்டா. பொற்செல்வியும் அழுதா. அழுது ஓய்ஞ்சதும் ஒரு கெட்டி அட்டையை எடுத்து இவ விரலுக்கடியில வெச்சா. மேல மேடு மேடா புள்ளி. "தடவிப் பாரு. இது அ... இது ஆ..."

"உனக்கு எப்படிடி இது தெரியும்?"

எப்படித் தெரியும்? ஏழு வாரமும் சனி, ஞாயிறு பஸ் ஏறி மதுரைக்குப் போயிருக்கா. பார்வையில்லாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற இடத்துல, கண்ணுல துணியைக் கட்டிக்கிட்டு, புள்ளி எழுத்துப் படிச்சிருக்கா. குச்சி ஊன்றி நடக்கப் பழகியிருக்கா. முழங்கால் ரெண்டும் காயம்!

"ஒரு தடவை வந்து சொல்லிட்டுப் போயிருக்கலாம்லடி?"

"வந்தா நானும் அழுதிருப்பேன். உனக்குத்தான் அழ ஆள் நிறைய இருந்தாங்களே!"

ஆறு மாசம் ரெண்டு பேரும் பழகினாங்க. ஒருநாள் பொற்செல்வி சாக்கடையில விழுந்தா. ஜெசிந்தா ஓடிப்போய்த் தூக்கினாளா? இல்ல! கரையில நின்னுக்கிட்டு, "வலது பக்கம் கல்லு இருக்கு... ஊன்றி ஏறு"ன்னா. பார்த்துக்கிட்டிருந்த ஊரு, "கல்நெஞ்சக்காரி"ன்னுச்சு. பொற்செல்வி ஏறி வந்தா. சேத்தோட வீட்டுக்கு நடந்து போனா.

அப்புறம் ஸ்கூலுக்குப் போனா. ஹெச்.எம். எல்லா ஆசிரியர்களையும் கூட்டி உட்கார வெச்சு, தேனாட்டம் ஆரம்பிக்கிறாரு.

"டீச்சர்... உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். லைப்ரரியில ஃபேன் மாட்டித் தர்றோம். நிம்மதியா உட்கார்ந்திருங்க. சம்பளம் அது பாட்டுக்கு வந்துரும்."

எட்டு வாத்தியாருங்க தலையாட்டினாங்க. நல்லாப் படிச்ச தலைங்க!

பொற்செல்வி எழுந்திரிச்சா. "சார், தலையாட்டினா எனக்குத் தெரியாது. நான் பாடம் எடுக்கக் கூடாதுன்னு யாருக்கு இருக்கோ, வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க."

ஒருத்தர்... ஒரே ஒருத்தர் வாயைத் திறக்கணுமே!

ஏழாம் வகுப்பு. ஜெசிந்தா வாசல்ல நின்னு, "பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்துக்கவாடி?"ன்னா. "வேண்டாம். உனக்கு ஆறாம் வகுப்பு இருக்கு, போ." போயிட்டா. ஆனா காது மட்டும் இங்கதான். அன்னிக்கு ஆறாம் வகுப்பு போர்டுல ஏழெட்டு அம்பத்துநாலுன்னு எழுதினாளாம் கணக்கு டீச்சர்!

இங்க பொற்செல்வி இடது கையைப் போர்டுல பதிச்சுக்கிட்டு, வலது கையால தமிழ்நாட்டு மேப் போடறா. பதினோரு வருஷம் போட்ட கை. சென்னை சரி... நாகப்பட்டினம் சரி... கடைசியில கொஞ்சம் வழுக்கிருச்சு. ஒரு பொண்ணு மெதுவா எழுந்திரிச்சு, "டீச்சர்... கன்னியாகுமரி கேரளாவுக்குள்ள போயிருச்சு."

ஜன்னல்ல எட்டு வாத்தியாருங்களும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. இவ என்ன சொன்னா?

"அப்படியா? அம்பத்தாறுல அவ்வளவு போராடி வாங்கினது... விட்ருவோமா? வா, வந்து இழுத்து விடு!"

வகுப்பே சிரிச்சு உருண்டுச்சு. அந்தப் பொண்ணு வந்து கோட்டை இழுத்து விட்டா. "என்ன போராட்டம் டீச்சர்?"னு கேட்டா. பாடம் தொடங்கிருச்சு!

பெல் அடிச்சதும் ஹெச்.எம். ஓடி வர்றாரு. "டீச்சர், ரொம்ப இன்ஸ்பிரேஷனா இருந்துச்சு. நம்ம குரூப்ல போட ஒரே ஒரு போட்டோ..."

"போட்டோ இருக்கட்டும் சார். எட்டாம் வகுப்பையும் எனக்கே குடுங்க."

குடுத்தாரு. வேற வழி? இன்னிக்கும் ரெண்டு வகுப்பும் அவளோடதுதான்.

இப்ப உங்ககிட்ட வரேன்... உங்க ஆபீஸ்ல ஒரு மூலையில ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரு. காலு போனவரோ, கையி போனவரோ. "நீங்க சும்மா இருங்க சார், நாங்க பார்த்துக்கறோம்"னு தினமும் சொல்றீங்க. அதுக்குப் பேரு அன்புன்னு நினைச்சுக்கிட்டு ராத்திரி நிம்மதியா வேற தூங்குறீங்க! உயிரோட இருக்கிற மனுஷனை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டு, அதுக்கு மாலை வேற போடறீங்க. தைரியம் அந்த மனுஷன்கிட்ட ஏற்கெனவே இருக்கு. அதுக்கு நடக்க வழி விடாம குறுக்க நிக்கிறது நீங்க! ஒரு சிநேகிதி தனக்குத் தெரியாததைத் தேடிப்போய்க் கத்துக்கிட்டு வந்தா. நீங்க... ஒரு பரிதாபத்தைப் பழகி வெச்சிருக்கீங்க.

நாளைக்குக் காலையில அந்த மூலைக்குப் போங்க. "சார், உங்களுக்கு என்ன வேலை வேணும்?"னு கேளுங்க. கேட்டுட்டு... அவர் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க!