சாம்பல் குளத்துக் கம்புகள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலில் காலை வேளையில் உட்கார இடம் கிடைக்காது. எண்ணூரில் ஏறுகிறவன் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடைத்தாலே கும்பிடு போட வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. நின்றபடியே படித்துப் பழகிவிட்டேன். நான் படித்த அரசியல் புத்தகங்களில் முக்கால்வாசி, யாருடைய மீன்கூடையோ முழங்காலில் இடிக்க, கருவாட்டு வாசனையோடு படித்தவைதான்.

என் அன்றாட வாழ்க்கையைச் சொல்லச் சொன்னீர்கள், ஐயா. நல்ல கேள்வி. இந்த ஸ்டேஷனில் மற்ற அதிகாரிகள் எல்லாம் அந்த ஒரு காலையைப் பற்றியே கேட்டார்கள். மற்ற நாட்களைக் கேட்காமல் அந்தக் காலை மட்டும் எப்படிப் புரியும்?

என் பெயர் செங்குட்டுவன். அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல், மூன்றாம் ஆண்டு. மாணவர் சங்கத்தில் எங்கள் கல்லூரிக் கிளைக்கு நான்தான் செயலாளர். எங்கள் ரயிலில் வரும் பையன்களில் சிலர் 'ரூட்டு தல', அதாவது அந்த ரயிலுக்கே தலைவன் என்று ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, நடைமேடையில் பட்டாக்கத்தியைத் தேய்த்துப் பொறி பறக்கவிடுவார்கள். அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். நான் இதுவரை யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. காலையில் கல்லூரி வாசலில் துண்டறிக்கை கொடுப்பேன். மதியம் கேன்டீனில் நாலு பேரைப் பிடித்து உட்காரவைத்துப் பேசுவேன். பாதிப் பேர் என் டீக்காக உட்கார்ந்தவர்கள் என்று தெரியும். தெரிந்தும் பேசினேன், விதைத்தால் என்றாவது முளைக்கும் என்று.

சாயங்காலம் பாட்டு. இராயபுரத்தில் ஜெரினின் மாமா ஐஸ் உடைக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். அதன் பின்னறைதான் எங்கள் பயிற்சி இடம். குழுவுக்குப் பெயர் 'சாம்பல்'. பெயர் வைத்தது நான். ஜெரின் கிட்டார், சினேகா பறை, நான் பேஸ் கிட்டார். பேஸ் கிட்டார் என்பது வாசிக்கும்போது யாருக்கும் கேட்காது, நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரியும். பாட்டு எழுதுவதும் நான்தான். பாடியது உதயா.

உதயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூர்க் குப்பத்துப் பையன். அப்பா கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மா புஷ்பவல்லி கூடை தூக்கி மீன் விற்று வளர்த்தார். பள்ளிக்கூடம் படிக்கும்போதே சாவு வீடுகளில் கானா பாடுவான். செத்தவரின் பெயரையும் குணத்தையும் வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து பாட்டுக் கட்டி, அழுதுகொண்டிருப்பவர்களைச் சிரிக்கவைத்து மறுபடி அழவைப்பான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவனைக் குழுவுக்கு அழைத்து வந்தேன். அவனைக் கண்டுபிடித்தவன் நான். அவன்மேல் எனக்கு உயிர். இதை அவன் அம்மாவும் சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை. 'சோத்துல சாம்பல், சேத்துல சாம்பல்' பாட்டை ஊரே பாடியது. அதை எல்லோரும் உதயா பாட்டு என்றுதான் சொன்னார்கள். டோல்கேட் பக்கம் ஒரு நிகழ்ச்சி முடிந்து இறங்கும்போது ஒரு பெண் என்னிடம் வந்து, "அண்ணா, அந்தப் பாட்டு எழுதுன உதயா எங்க?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன். அவ்வளவுதான். அதை இன்றுவரை நினைவு வைத்திருப்பதால் எனக்குப் பொறாமை என்று ஆகிவிடாது.

எங்கள் போராட்டம் சாம்பலைப் பற்றியது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து மிஞ்சுகிற சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகக் கொண்டுவந்து, மண்கரை கட்டிய பெரிய பள்ளத்தில் கொட்டுகிறார்கள். அதுதான் சாம்பல் குளம். குழாய் உடைந்தால் ஆற்றில் சாம்பல், காற்றடித்தால் வீட்டில் சாம்பல். குப்பத்தில் குழந்தைகள் இருமிக்கொண்டே தூங்கும். மனுமேல் மனு கொடுத்தோம். உண்ணாவிரதம் இருந்தோம். எங்களுக்கு மூத்தவர் அசோகன் அண்ணன் ஒருநாள் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது அலுத்துப்போய்ச் சொன்னார்.

"எழுதிக் குடுத்துகினே கெட தம்பி. இங்க ஒரு சாவு வுழுந்தாதான் ஜீப்பு வரும்."

அவர் அதை விளையாட்டாகச் சொன்னார் என்று பிறகு உங்களிடம் அழுதாராம். இருக்கலாம். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. ரயிலில் நின்றுகொண்டு அதையே யோசித்தேன். யோசிக்க யோசிக்க அதில் தவறே தெரியவில்லை. ஆயிரம் பேர் இருமினால் அது செய்தியில்லை. ஒருவன் செத்தால் செய்தி. அந்த ஒருவன் ஊருக்கே தெரிந்தவனாக இருந்தால்?

அப்போதும் நான் உதயாவை நினைக்கவில்லை, சத்தியமாக. பிறகுதான் அவன் அந்தச் சேதியோடு வந்தான். ஐஸ் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, உடைந்து விழுந்த ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே சொன்னான்.

"மாமு, எனிக்கி கேட் பாஸ் வந்துகீது. கரன்ட் கம்பெனில கான்ட்ராக்ட் வேல. அம்மாவால இனிமே கூடை தூக்க முடியாதுபா. இன்னா பண்ண சொல்ற?"

"எந்த கேட்டுக்கு எதிரா பாடுனியோ, அதே கேட்டுக்குள்ள போவப்போறியா?" என்றேன்.

"கோச்சுக்காத நைனா. பாட்டு எங்க ஓடிடப்போவுது, ஞாயித்திக்கெயம பாடிக்கலாம். உள்ள இன்னா நடக்குதுன்னு உனிக்கிதான் மொதல்ல வந்து சொல்லுவேன்."

எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. கோபத்தில் இல்லை. சாம்பல் பாட்டைப் பாடிய வாய், சாம்பல் கொட்டுகிறவனிடம் சம்பளம் வாங்கினால் அந்தப் பாட்டு என்ன ஆகும்? கேலிக்கூத்தாகிவிடும். மூன்று வருட உழைப்பு. எங்களை விட்டுப் போய்விட்ட உதயா எங்களுக்கு எதிராக நிற்பான். போய்விடாத உதயா என்றைக்கும் எங்களோடு இருப்பான். அவனைக் காப்பாற்றுவது என்று நான் அப்போது நினைத்தது இதைத்தான்.

என் அப்பா கிருஷ்ணப்பன் அந்தக் குழாய் வேலைக்குப் போனவர்தான். சாம்பல் குளத்தைப் பற்றி எனக்கு அவர் சொல்லித் தெரியும். வெயிலில் மேல்பரப்பு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, பார்க்கத் தரை மாதிரி இருக்கும். அடியில் கூழ். மெதுவாக நடந்தால் சில இடம் தாங்கும். அதிர்ந்தால் தாங்காது. அதனால் எங்கெங்கே கூழ் இருக்கிறதோ அந்த ஓரமெல்லாம் தொழிலாளிகள் சவுக்குக் கம்பு நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டி வைப்பார்கள். யாராவது இறங்கிவிட்டால் தள்ளுவதற்குக் கரையில் நீளப் பலகை ஒன்று எப்போதும் கிடக்கும்.

உதயாவுக்கு இது தெரியாது. ஆற்றுச் சேறுதான் அவனுக்குத் தெரியும். ஆற்றில் சேறு காய்ந்து வெடித்திருந்தால் ஆளைத் தாங்கும். மினுமினுப்பாக இருந்தால்தான் ஆபத்து. அவன் குப்பத்தில் நடக்கப் பழகும் குழந்தைக்கே அது தெரியும். அவனைக் குளத்தில் இறக்குவதற்கு நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேலைக்குச் சேர்வதற்கு முன் கடைசியாக ஒரு வீடியோ எடுத்துவிடலாம் என்று கேட்டேன். உடனே ஒத்துக்கொண்டான். ஜெரினுக்கும் சினேகாவுக்கும் அன்று பரீட்சை. நான் விடிந்ததும் தனியாகப் போய்க் கம்புகளைப் பிடுங்கி, குழாய்க்கு அந்தப் பக்கம் கருவேலம் புதரில் போட்டேன். பிடுங்குவது சுலபமாக இருந்தது. பிறகு ஸ்டேஷனுக்குப் போய் அவனை அழைத்து வந்தேன். வழியில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டான்.

கரையில் நின்று குளத்தைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான்.

"நல்லா வெடிச்சிகீதுபா. ஸ்ட்ராங்காதான் இருக்கும்."

நான் போனை எடுத்துக் கேமராவைத் திறந்தேன். கரையிலிருந்து பத்தடி தள்ளிப் போய் நிற்கச் சொன்னேன். முதல் சரணத்தை நின்றபடியே பாடினான். அந்த வெள்ளை வெளியில் தனியாளாக நின்று பாடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு அழகாக அவன் அதற்கு முன் பாடியதில்லை. கடைசிச் சரணத்தில் குதித்து ஆடச் சொன்னேன். ஆடினான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் கணக்குப் போட்டபடிதான். ஜீப் வந்தது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்தன. பெரிய அதிகாரிகள் குப்பத்தின் மணலில் பளபளப்பான ஷூவோடு தடுக்கித் தடுக்கி நடந்தார்கள். குழாயை நிறுத்தினார்கள். குழந்தைகளுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். அவன் பாடிய முதல் சரணத்தை நான் வெளியிட்டேன். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். சாவு வீட்டில் அவனுக்கு யார் கானா பாடுவது என்று தெரியாமல் எல்லோரும் விழித்தபோது, நான்தான் பாட்டுக் கட்டிப் பாடினேன். என் குரல் சுமார்தான். ஆனாலும் கூட்டம் அசையாமல் கேட்டது. புஷ்பவல்லி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள கடைசியா உன்கூடத்தான் இருந்தான், அது போதும்பா" என்றார். நான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

சினேகாதான் உங்களிடம் வந்தாள் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் காலைக்கு ஒரு மாதம் முன்னால், உதயா இல்லாமல் நாங்கள் மூவர் மட்டும் இடம் பார்க்கப் போனபோது, கரைமேலிருந்து அவள் போனில் எடுத்த வீடியோவில் சிவப்புத் துணிகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. நான் வெளியிட்டதில் ஒன்றுமே இல்லை. இரண்டு வீடியோவையும் சேர்த்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். என்னிடம் வந்து, "கம்பெல்லாம் எங்க செங்கு?" என்று மட்டும் கேட்டாள். காற்றில் விழுந்திருக்கும் என்றேன். அவள் பறையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பயிற்சிக்கு அப்புறம் வரவில்லை. கொள்கையில் உறுதி போதாத பெண்.

குழாயை மறுபடி திறந்துவிட்டார்கள் என்று காவலர் ஒருவர் சொன்னார். அப்படியானால் அந்தச் சாவுக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்கலாம். மக்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள், ஐயா. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

கடைசி நிமிடங்களைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

முழங்கால் இறங்கியபோது அவன் சிரித்தான். இடுப்பு இறங்கியபோதுதான் முகம் மாறியது. நான் உடனே போனை நிறுத்திவிட்டேன். ஒருவன் படும் வேதனையைப் படம் பிடிப்பது தப்பு, அது என் கொள்கை. பலகை என் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்துத் தள்ளினால் அவனுக்கு எட்டியிருக்கும். மறைக்க விரும்பவில்லை, எட்டியிருக்கும். நான் நன்றாகப் பார்ப்பதற்காகக் காலை ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன். தன்னைத் தூக்கத்தான் நான் இறங்குகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். நெஞ்சளவு சாம்பலில் இருந்து ஒரு கையைத் தூக்கி என்னைத் தடுத்தான்.

"செங்கு, வராதடா. நீயும் மாட்டிப்ப. அங்கயே நில்லு."

நீங்கள் என்னைக் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவன் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். அங்கேயே நில் என்றான். அவன் குரல் நிற்கும்வரை அங்கேயே நின்றேன். அவன் பேச்சைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை.