ஏவாத ஒளி

இரவு பதினொன்றே முக்கால். நெடுமங்காடு தாண்டி மலைக்கு ஏறும் ரப்பர்த் தோட்டத்துச் சாலை. விளக்குக் கம்பம் கிடையாது. மேலே போனது ஒரே ஒரு பைக்... அதில் மகேஷ்குமார். என் கூட வேலை செய்கிற ஷிஜாவின் தாய்மாமா.

சபீனா, நீ இந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்து கதையைக் கேள். கரண்ட் இப்போதைக்கு வராது.

அந்த மலை உச்சியில் ஒரு நிலையம் இருக்கிறது. பெரிய தொலைநோக்கி, பக்கத்தில் ஓர் அறை. அங்கிருந்து வானத்துக்குப் பச்சை லேசரை ஏவுவார்கள். செயற்கைக்கோளில் பட்டு அது திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தை ஒரு விரல்கடை பிசகாமல் சொல்லிவிடலாம். திரும்பி வரும் ஒவ்வொரு துளி ஒளிக்கும் அறையில் ஒரு ஸ்பீக்கர் சத்தம் போடும். டிக்... டிக்...

இரண்டு பேர் வேலை. மகேஷ்குமார் உள்ளே. இசக்கி மொட்டை மாடியில் நின்று, விமானம் ஏதும் வருகிறதா என்று பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். பைலட் கண்ணில் லேசர் பட்டுவிடக் கூடாது. இசக்கி இல்லாமல் ஏவக் கூடாது.

போன ஏப்ரலில் இசக்கி ஊர்க் கோயில் கொடைக்காக ஒரு வாரம் வள்ளியூர் பக்கம் போய்விட்டான். மகேஷ்குமார் தனி. வீட்டிலும் தனிதான். மனைவி லீலாபாய் குவைத்தில் நர்ஸ். கரமனையில் வாடகை வீடு. நாள் முழுக்க வாயே திறக்காத நாட்கள் உண்டு அவருக்கு.

அந்த முதல் ராத்திரி லேசரைத் தொடவில்லை. தொலைநோக்கியைச் சோதித்துப் பார்க்க ஒரு பழைய செயற்கைக்கோளின் பக்கம் திருப்பினார். கண்ணாடி பதித்த வெறும் உருண்டை அது. பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. கொடுத்த ஒளியைத் திருப்பித் தரும்... அவ்வளவுதான்.

டிக்.

லேசர் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

டிக்... டிக்...

தொலைநோக்கியை நகர்த்தினார். சத்தம் நின்றது. மறுபடி உருண்டைக்குத் திருப்பினார். டிக்... அது மலைக்குப் பின்னால் மறையும்வரை விடவில்லை. அறை முழுக்க, மழை விழுந்த சிமெண்டின் வாசனை. வெளியே மழை இல்லை.

ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு லீலாபாயிடம் சொன்னாராம்: "ஆரோ என்னைக் கூப்பிடுத மாதிரி இருந்துச்சு. அது போயிரக் கூடாதுன்னு தோணிச்சு."

ஐந்து ராத்திரி கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறாம் ராத்திரி... சாவியைப் போட்டார். மாடியில் ஆள் இல்லை. தெரிந்தேதான் செய்தார். ஒரே ஒரு துடிப்பு, பதில் போல, மேலே அனுப்பினார்.

ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. அன்று முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் இசக்கி வந்தான், ஒரு பை முந்திரிக்கொத்தோடு. மாடிக்கு ஏறினான். ராத்திரி ஒன்று பத்துக்கு உருண்டை உதித்தது. மகேஷ்குமார் சாவியைத் திருப்பாமல், இசக்கி சொல்லட்டும் என்று காத்திருந்தார். வயர்லெஸ் கரகரத்தது.

"சாரே, நான் சொல்லதுக்கு முன்னால ஏன் விட்டீங்க?"

"நான் விடல்ல, இசக்கி."

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. பிறகு மெதுவாக, "பச்சைக் கோடு தெரியுது சாரே. ஆனா மேல போகல்ல... மேல இருந்து கீழ வருது."

"எங்க வருது?"

"நீங்க இருக்க ரூம் மேல."

அவர் அண்ணாந்து பார்த்தார். கான்கிரீட் கூரை. ஸ்பீக்கரில் இப்போது டிக் இல்லை. எண்ணெயில் கடுகு வெடிப்பது போல, இடைவெளியே இல்லாத சத்தம். அண்ணாந்தபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இசக்கிதான் ஓடிவந்து மெயினை அணைத்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். பைக்கில் இறங்கும்போது இரண்டு பேரும் மேலே பார்க்கவில்லை.

அதோடு அவர் மலையை விட்டார். கிழக்கேகோட்டைப் பக்கம் ஆபீசில் பகல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். மறந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஜூலையில் லீலாபாய் லீவில் வந்தாள். வந்த அன்று ராத்திரி அடைமழை. ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தது. இரண்டு மணி சுமாருக்கு அவளுக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் ஒரு பச்சைப் புள்ளி. அரிசி அளவு. அசையவே இல்லை.

எங்கிருந்து வருகிறது என்று கூரையைப் பார்த்தாள். ஓட்டுக்கு அடியில் மரப்பலகை அடித்த மச்சு. ஓர் ஓட்டை கிடையாது.

ஒளியை மறைக்கலாம் என்று புள்ளிக்கு மேலே உள்ளங்கையை நீட்டினாள்.

கையின் மேல் ஒளி விழவில்லை... கைக்கு அடியில், அவர் நெஞ்சில், புள்ளி அப்படியே எரிந்துகொண்டிருந்தது.