ரெஜினா குடிக்கவில்லை

வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுவிட்டுக் கடைசியாகத் தாம் அமர்ந்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஐயா சுப்பிரமணியன் அவர்களே, ஈரலின் இயல்பை எனக்குப் பொறுமையாகப் புரியவைத்த டாக்டர் அருள்மொழி அம்மையார் அவர்களே, மண்ணைக் குடைந்து நாட்டுக்கு வெளிச்சம் தந்த தோள்களோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்னையரே, முதல் ஷிஃப்ட் முடித்துக் குளிக்காமல் வந்த தோழர்களே, இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகாமல் வந்த தோழர்களே (பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்), வாசல் பக்கம் மேசை போட்டு, ஊசியும் பஞ்சும் எடுத்து வைத்து, ஒருவரும் வராமல் காத்திருக்கும் செவிலியச் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம்.

என் பெயர் சைமன்ராஜ். இரண்டாம் சுரங்கத்தில் பம்பு பிரிவில் பொறியாளன். மேடை எனக்குப் பழக்கமில்லை. மோட்டார் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசித்தான் பழக்கம். ஆகவே மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

இன்று ஈரல் அழற்சி விழிப்புணர்வுக் கூட்டம். பரிசோதனை இலவசம். மாலை நான்கு மணிக்கே மேசை போட்டாயிற்று. இதுவரை ஒருவர் உட்கார்ந்தாரா? பந்தியில் முதல் இலைக்கு முந்துகிற ஊர் இது. ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு முந்துகிற ஊர் இது. அந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?

எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தால் பேசுவார்கள். என்ன பேசுவார்கள்? ஈரல் கெட்டால் குடித்திருக்க வேண்டும் என்று பேசுவார்கள்.

அந்தப் பேச்சு என் வீட்டுக்குள் வந்தது, அன்பர்களே. என் மனைவி ரெஜினாவைப் பெட்டியில் வைத்திருந்த அன்று வந்தது. துக்கத்துக்கு வந்தவர்களில் இருவர் கூடத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் கேட்டாராம், "ஈரல்னா சொல்றாங்க? புருசன் குடிப்பாரா, இல்ல அந்தப் பொண்ணா?" என்று. அடுப்படியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த என் மாமியாரின் காதில் அது விழுந்தது. இரண்டு வருடம் ஆயிற்று. அவர் காதிலிருந்து அது இன்னும் இறங்கவில்லை.

அதோ, மூன்றாவது வரிசையில், மடியில் பேரனோடு உட்கார்ந்திருக்கிறார். சகாயம்மாள். ஊர் நெல்லிக்குப்பம். அத்தை என்று நான் அழைப்பேன். ரெஜினா போனபோதே டாக்டர் அம்மா சொன்னார்: இந்த நோய் குடும்பத்தில் ஓடும், எல்லோரும் ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று. எல்லோரும் பார்த்தோம். அத்தை மட்டும் பார்க்கவில்லை. நாங்கள் கெஞ்சினோம். பங்குத் தந்தை வந்து சொன்னார். மசியவில்லை. போன வாரம் அவரே ஒரு நிபந்தனை வைத்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். சொல்லச் சொல்லி உத்தரவும் அவருடையதே.

"எம்பொண்ணு குடிக்கலன்னு மைக்குல சொல்லுங்க மாப்ள. பேசிகினு இருந்தாங்களே, அவங்க காதுல உழுற மாதிரி சொல்லுங்க. அப்பறம் நானே வந்து கைய நீட்டுறன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் மேடை ஏறினேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் போகும் வழியில் உங்கள் கேள்விகள் குறுக்கே நிற்கின்றன. பஸ்ஸில் கேட்டீர்கள், கேன்டீனில் கேட்டீர்கள், பூசை முடிந்து கோயில் வாசலில் கேட்டீர்கள். பதில் சொல்லாமல் போனால் நாளை காலை பஸ்ஸில் மறுபடி கேட்பீர்கள். தப்பாகச் சொன்னால் டாக்டர் அம்மா மேசையைத் தட்டட்டும்.

மஞ்சக்காமாலையும் இதுவும் ஒன்றா என்று கேட்டீர்கள். மஞ்சள் என்பது நோயின் பெயர் அல்ல, நோயின் புகை. புகை வராமலும் நெருப்பு எரியும். ஏ வகை, இ வகை என்று இரண்டு உண்டு. கெட்ட தண்ணீரிலும் கெட்ட உணவிலும் வரும், பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். கர்ப்பிணிகள் மட்டும் அதையும் அசட்டை செய்யக் கூடாது. பி வகை, சி வகை என்று இரண்டு உண்டு. ரத்தத்தின் வழியே வரும், சுத்தம் செய்யாத ஊசியில் வரும், உடலுறவில் வரலாம், தாயிடமிருந்து பிறக்கும் பிள்ளைக்கு வரும். பி வகை வந்தால் போகவே போகாது...

தட்டிவிட்டார். திருத்திக்கொள்கிறேன் அம்மா. பெரியவர்களான பிறகு வந்தால் பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். பிறக்கும்போதே வந்தால் பெரும்பாலும் தங்கிவிடும். சத்தமில்லாமல், சாட்சியில்லாமல், வலியில்லாமல், வருடக் கணக்கில் தங்கிவிடும். சரிதானே அம்மா? சரி என்கிறார்.

தட்டைத் தனியாக வைக்கணுமா, டம்ளரைத் தனியாக வைக்கணுமா? வேண்டாம். சேர்ந்து சாப்பிட்டால் வராது. கட்டிப் பிடித்தால் வராது. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால் வராது. பிளேடைப் பகிராதீர்கள், பல் துலக்கும் பிரஷ்ஷைப் பகிராதீர்கள். சோற்றைப் பகிருங்கள், சுகத்தைப் பகிருங்கள். என் ரெஜினாவின் கடைசி மாதத்தில் ஒரு வீட்டிலிருந்து குழம்பு வந்தது. ஏனத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தெரியாதவர்கள். அந்தக் கிண்ணம் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதில்தான் நான் தினமும் சாப்பிடுகிறேன்.

இலை மருந்து போதாதா? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ரெஜினா கடலூரில் கல்லூரியில் படித்தபோது ரத்த தானம் செய்தாள். எடுத்த ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இது ஆகாது, பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னாள். வீட்டில் என்ன புரிந்துகொண்டார்கள்? லேசாகக் காமாலை என்று புரிந்துகொண்டார்கள். நம் பக்கத்தில் காமாலை என்றால் என்ன செய்வோம்? விடியற்காலை வெறும் வயிற்றில் இலையை அரைத்துக் கொடுப்போம். உப்பில்லை, எண்ணெயில்லை, பத்தியம். பிறகு வெளிச்சத்துக்கு அழைத்துப் போய்க் கண்ணின் இமையை இழுத்துப் பார்ப்போம். கண் வெள்ளையாக இருந்தது. நோய் போய்விட்டது என்று கோழி அடித்துக் குழம்பு வைத்துப் பத்தியத்தை முடித்தார்கள்.

கண் அதற்கு முன்னாலும் வெள்ளையாகத்தான் இருந்தது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

எங்கள் சுரங்கத்துக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "தரை காஞ்சிதானே சார் கெடக்கு, எதுக்கு ராத்திரி பகலா பம்பு ஓட்டுறீங்க?" நான் சொல்வேன்: ஐயா, பம்பு ஓடுவதால்தான் தரை காய்ந்து கிடக்கிறது. நிலக்கரிக்கு அடியில் நீர் நிற்கிறது. நின்றுகொண்டு மேலே முட்டுகிறது. பம்பை நிறுத்தினால் தரை பிளந்து தண்ணீர் வரும். அந்த அழுத்தம் எவ்வளவு என்று தரையைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா? முடியாது. அதற்கென்று தனியாகக் குழாய் இறக்கி அளந்து பார்க்கிறோம். இந்த டவுன்ஷிப்பில் எந்த வீட்டில் பிறந்த பிள்ளையைக் கேட்டாலும் இது தெரியும். மண்ணுக்கு அடியில் இருப்பதை அளக்கத் தெரிந்த ஊருக்கு, தோலுக்கு அடியில் இருப்பதை அளக்கத் தெரியாதா? தரைக்குக் குழாய் இறக்குகிறவர்கள், கைக்கு ஒரு ஊசி இறக்க மாட்டோமா?

கை தட்டுகிறீர்கள். நன்றி. தட்டிய கையை அப்படியே அந்த மேசையில் நீட்டினால் இன்னும் நன்றி.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் தவக்காலம் வந்தது. சாம்பல் புதனன்று அவளும் நோன்பு பிடித்தாள். அசைவம் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு. நாளாக ஆக மெலிந்தாள். எங்கள் கோயில் பெண்கள் அவளை மெச்சினார்கள். "நோன்புன்னா ரெஜினா மாதிரி இருக்கணும். மொகத்துல ஒரு களை வந்துடுச்சி பாரு" என்றார்கள். சோர்வு வந்தது, நோன்பு என்றோம். பசி போயிற்று, பக்தி என்றோம். ஈஸ்டர் அன்று வீட்டில் பிரியாணி. தட்டில் கையை வைத்தாள், எடுத்துவிட்டாள். நோன்பு முடிந்தும் பசி வரவில்லை. அப்புறம்தான் ஸ்கேன். அதற்குள் ஈரலில் கட்டி பரவியிருந்தது. ஆகஸ்டில் அவள் இல்லை.

மீதியை இன்னொரு நாள் சொல்கிறேன்.

பின்னாலிருந்து ஏதோ குரல் வருகிறதே. சிங்காரவேல் அண்ணனா? எங்கள் பம்பு பிரிவுதான், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என்ன கேட்கிறார்? "அப்ப ஈரலுக்கும் சரக்குக்கும் சம்பந்தமில்ல, குடிக்கலாம், அப்டித்தான சார்?"

சிரிக்காதீர்கள், நல்ல கேள்வி. சம்பந்தம் உண்டு அண்ணே. இந்தக் கிருமி இல்லாத ஈரலையும் சாராயம் கெடுக்கும். கிருமி இருக்கிற ஈரலைச் சீக்கிரமே கெடுக்கும். சர்க்கரையும் கொழுப்பும்கூடக் கெடுக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன். இதை அத்தைக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி. குடித்தவர் ஈரலும் ஈரல்தான். குடித்தவர் வீட்டிலும் ஒரு தாய் அடுப்படியில் தண்ணீர் மொண்டுகொண்டுதான் இருப்பாள். நோய் வந்தவரைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது ‘குடித்தாயா’ என்றா, ‘சாப்பிட்டாயா’ என்றா? அண்ணே, நீங்கள் குடிப்பது ஊருக்கே தெரியும். உங்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது? வந்து உட்காருங்கள்.

நோய் இருக்கிறது என்று தெரிந்தால் வாழ்க்கை முடிந்ததா? இல்லை. இல்லவே இல்லை. பி வகைக்குக் கட்டுப்படுத்தும் மாத்திரை உண்டு. எல்லோருக்கும் உடனே தேவைப்படாது. டாக்டர் பார்த்துச் சொல்வார். தொடங்கினால் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக் கூடாது. பம்பு கதைதான். சி வகைக்கு இப்போது வந்திருக்கும் மாத்திரைகள் பெரும்பாலோருக்கு நோயையே நீக்கிவிடுகின்றன. பி வகை வராமலே தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. கணவனுக்கு இருந்தால் மனைவி போட்டுக்கொள்ளலாம், மனைவிக்கு இருந்தால் கணவன். நான் போட்டிருக்கிறேன்.

அதோ, அத்தை மடியில் அழுகிறான் பாருங்கள். விடுங்கள், வெளியே தூக்கிப் போக வேண்டாம். அழட்டும். இந்தக் கூட்டத்தில் மிகச் சிறந்த பேச்சாளன் அவன்தான். ரெஜினாவின் தங்கை கிறிஸ்டினாவின் மகன் அவன். கிறிஸ்டினா, சொல்லட்டுமா? சொல்லுங்க மாமா என்று தலையாட்டுகிறாள். ரெஜினா போன பிறகு கிறிஸ்டினாவுக்கு ரத்தம் பார்த்தோம். அக்காவுக்கு இருந்த அதே பி வகை அவளுக்கும் இருந்தது. அப்போது அவள் வயிற்றில் இவன். அக்கா போன வழியில் தங்கையும் போவாளோ, தங்கை வழியில் பிள்ளையும் போவானோ என்று பண்ருட்டியில் அவள் மாமியார் வீட்டில் பலாச்சுளை தின்ன ஆளில்லாமல் கிடந்தது. ஆனால் முன்கூட்டியே தெரிந்ததால் டாக்டர்கள் தயாராக நின்றார்கள். இவன் பிறந்த கையோடு, ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இன்னொரு ஊசி. அப்புறம் மாதாமாதம் தவறாமல் மீதி ஊசிகள். போன மாதம் ரத்தம் பார்த்தோம். கிருமி இல்லை. ஒரு துளியும் இல்லை. கிறிஸ்டினாவும் டாக்டரின் கண்காணிப்பில் நன்றாக இருக்கிறாள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி மிச்சம். இதைக் கேட்டவர் பஸ்ஸில் கேட்கவில்லை. மத்தி மீன் ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மாப்ள, நான்தான் அவளுக்குக் குடுத்தனா?"

அன்று நான் மீன் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பொய் சொல்ல வரவில்லை, மெய் சொல்ல மனம் வரவில்லை. இன்று சொல்கிறேன், அத்தை. இருக்கலாம். பரிசோதனை செய்தால்தான் தெரியும். உங்களிடமிருந்து வந்திருந்தால், உங்களுக்கு உங்கள் அம்மா கொடுத்திருக்கலாம். அவருக்கு அவர் அம்மா. நிலத்துக்கு அடியில் நிற்கும் நீரை யார் ஊற்றினார்கள்? யாரும் ஊற்றவில்லை. பாலோடு பாசத்தையும் பெயரோடு செபத்தையும் கொடுத்தீர்கள். தெரியாமல் ஒன்று கூடவே போயிருந்தால் அது குற்றமல்ல, அத்தை. குற்றமே அல்ல. தலைமுறை தலைமுறையாக அடியிலேயே ஓடிவந்த அந்த நீர், இதோ உங்கள் மடியில் அழுகிற இவன் தொட்டிலோடு நின்றுவிட்டது. நிறுத்தியது எது? மந்திரமா? ஒரு கை நீண்டது. ஒரு ஊசி இறங்கியது. அவ்வளவுதான். ஒரு பெண்ணை நான் வழியனுப்பிவிட்டேன். இன்னொருவரை வழியனுப்ப எனக்குத் தெம்பு இல்லை.

ஆகவே, வாக்குக் கொடுத்தபடி சொல்கிறேன். சபையோர் கேட்கட்டும்.

ரெஜினா குடிக்கவில்லை.

அத்தை எழுந்திருக்கிறார். என்னமோ சொல்கிறார். கொஞ்சம் அமைதி. என்ன அத்தை?

"பின்னாடி ஃபேன் சத்தத்துல கேட்டுருக்காது மாப்ள. இன்னொரு தபா சொல்லுங்க."

யாராவது அந்த ஃபேனை நிறுத்துங்கள். நன்றி. இப்போது மைக்கைக் கிட்டத்தில் வைத்துக்கொள்கிறேன்.

என் மனைவி ரெஜினா குடிக்கவில்லை. அவளுக்கு நோய் இருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை.

பேரனைக் கிறிஸ்டினாவிடம் கொடுத்துவிட்டார். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள் ஐயா, அவருக்கு வழி விடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சகோதரி, வலிக்காமல் குத்துங்கள். சிங்காரவேல் அண்ணே, அவருக்குப் பின்னால் நிற்பது நீங்கள்தானே? நில்லுங்கள், நில்லுங்கள். இனி வருகிறவர்கள் உங்களுக்குப் பின்னால்தான் நிற்க முடியும் போலிருக்கிறது.

கேட்ட காதுகளுக்கும், நீளப்போகிற கைகளுக்கும், இடம் தந்த சங்கத்துக்கும் நன்றி. உங்கள் வீடுகளில் பிறக்கிற பிள்ளைகள் எல்லோரும் இவனைப் போல உரக்க அழட்டும். வணக்கம். ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம்.