சுண்டக் காய்ச்சின தண்ணி

...அதெல்லாம் சரிம்மா, குடிக்காதேன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். பல்லு வெளக்காதேன்னா எப்படி? ராத்திரி பத்து மணிக்கு மேல சமையல்கட்டுக் குழாயைத் தொடவே கூடாதுன்னு உங்க தண்ணி லேப் ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணிட்டாங்க. தண்ணி குழாய்க்குள்ளயே ஆறு மணி நேரம் அசையாம நிக்கணுமாம். அப்பதான் சோதனை சரியா வருமாம். சரின்னு நானும் குழாய்க்கு ஒரு துணியைச் சுத்திக் கட்டிப்போட்டேன். எங்க வீட்டம்மா கை தன்னால போய் திருகிடும் பாருங்க, முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்... விடிஞ்சதுலேர்ந்து மூஞ்சி கூடக் கழுவாம இந்த ஸ்டூல்ல காவல் உக்காந்திருக்கேன். நீங்க ஏழு மணின்னீங்க. இப்ப எட்டே கால். குத்தம் சொல்லல, சும்மா சொல்றேன்.

இதுதான் குழாய். அவிழ்க்கவா? அட, முதல்ல வர்ற தண்ணியவேவா பிடிக்கறீங்க? கொஞ்சம் ஓடவிட்டுப் பிடிங்கம்மா, நல்லா இருக்கும்... நல்லா இருக்கக்கூடாதா! அது சரி. ஊர்ல எல்லாரும் நல்ல தண்ணிக்கு அலையறாங்க, நீங்க கெட்ட தண்ணிக்கு அலையறீங்க. பிடிங்க, பிடிங்க.

ஃபாரத்துல எல்லாம் எழுதியிருக்குமே? பேத்திக்குத்தான். நாலு வயசு. அணில்னு கூப்பிடுவோம். ஏன்னா ஒரு இடத்துல இருக்காது. இப்ப பாத்தா கட்டில் அடியில, திரும்பிப் பாத்தா அலமாரி மேல. அந்தக் குழந்தைக்கு மூணு மாசமா வயித்து வலி. சுருண்டு படுத்துக்கும். வெளிக்குப் போகாது. சோத்தைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கும். அப்புறம் அதுவும் போய், ஜன்னல்கிட்ட உக்காந்தா உக்காந்த இடம். "என்ன கண்ணு பண்றே"ன்னா "சும்மா தாத்தா"ங்குது. நாலு வயசுல என்னம்மா சும்மா?

முதல் டாக்டர் பூச்சி மருந்து குடுத்தாரு. பூச்சியும் வரல, ஒண்ணும் வரல. ரெண்டாவது டாக்டர் ஒரு அம்மா. நகத்தைப் பாத்துச்சு, கண்ணு இமையை இழுத்துப் பாத்துச்சு, ரத்தம் எடுத்துச்சு. காரீயம்! குழந்தை ரத்தத்துல காரீயம் இருக்காம். நான் கேட்டேன், "ஏன் டாக்டர், காரீயம் என்ன கடலை மிட்டாயா, வாங்கித் திங்கறதுக்கு"ன்னு. அந்தம்மாவுக்குச் சிரிப்பு வரல. பெரியவங்க உடம்புக்குள்ள போனா ஏதோ கொஞ்சம்தான் ஒட்டுமாம். குழந்தை உடம்பு பாதிக்குப் பாதி பிடிச்சு வெச்சுக்குமாம். சுண்ணாம்புச் சத்துன்னு நெனைச்சு ஏமாந்து எலும்புக்குள்ள கொண்டுபோய் சேத்துடுமாம். மூளைக்கும் ஆகாதாம். இத்தனையும் சொல்லிட்டு, எங்கேர்ந்து வருதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்னுட்டாங்க. நான் என்ன போலீசா?

ஆனா கண்டுபிடிச்சேன்! எதிர்த்தாப்புல பாருங்க, பச்சை ஷட்டர். பழைய பேட்டரி வாங்கி உடைக்கறான். பேட்டரிக்குள்ள என்ன? காரீயம். விடுவேனா? ஒரு மனு எழுதி, தெருவுல பதினோரு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி, ரெண்டு ஆபீசுக்கு அனுப்பிட்டேன். அவன் வந்து நிக்கறான் இந்த வாசல்ல. "ஐயா, என் ரெண்டு பிள்ளைங்களும் இந்தத் தெருவுலதான் புரளுதுங்க, நானே ரத்தம் சோதிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல"ங்கறான். கல்லுளிமங்கன்! "உன் பிள்ளைங்களுக்குப் பழகிப்போயிருக்கும்டா"ன்னு கதவைச் சாத்தினேன்.

என்னம்மா பண்றீங்க, சாவியால குழாயைப் போட்டுச் சுரண்டறீங்க? பெயிண்ட் போயிடும்மா, போன வருஷம்தான் அடிச்சேன். அட... உள்ள என்ன இப்படி வெள்ளி மாதிரி மின்னுது? சாவி வெண்ணெயில எறங்கற மாதிரி எறங்குதே. இரும்புன்னா இப்படி எறங்காதா? ஓ. குழாயே காரீயமா? சுவத்துக்குள்ள போறதெல்லாமா? வீட்டோட வந்ததும்மா அது, என் மாமனார் காலத்துது. அப்ப பேட்டரிக்காரன்... அது கெடக்கட்டும். அவனை அப்புறம் பாத்துக்கலாம்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. குழாய் காரீயமோ கருங்கல்லோ, எங்க வீட்டுல அந்தக் குழந்தை வாயில ஒரு சொட்டு பச்சைத் தண்ணி போனதில்ல. எழுதிக்கோங்க. நான் காய்ச்சித்தான் குடுப்பேன். நானே. எங்க வீட்டம்மாவை நம்பி விடறதில்ல, அவ கொதி வந்ததும் எறக்கிடுவா. கொதி வந்தாப் போதுமா? குளிருக்கு இதமா இருக்குன்னு கிருமி குளிச்சிட்டுப் போயிடும். நாலு மாசம் முன்னால குழந்தைக்கு வயித்தால போச்சு, அன்னைக்கு எடுத்தேன் இந்த வேலையை. தெனம் மூணு லிட்டர் ஊத்துவேன். ரெண்டு லிட்டரா ஆகிற வரைக்கும் கொதிக்கும். அதுலதான் பால் பவுடர் கரைக்கறது, அதுலதான் சோறு வடிக்கறது, அதுதான் குடிக்கவும். எங்களுக்கெல்லாம் அப்படிக் காய்ச்சினா கேஸ் கட்டுப்படியாகாது. அதுக்கு மட்டும்.

அப்புறம் வயித்து வலி வந்துச்சா... பத்தலன்னு தெரிஞ்சுபோச்சு. மூணு லிட்டரை ஒரு லிட்டரா ஆக்கினேன். கரண்டிக் காம்புல கோடு போட்டு வெச்சிருக்கேன், பாருங்க, இதோ. இந்தக் கோடு வர்ற வரைக்கும் எறக்கமாட்டேன். மருந்து காய்ச்சறாப்புல சுண்டக் காய்ச்சணும். இப்பக்கூட அடுப்புல இருக்கு, புள்ள இல்லாட்டியும் பழக்கம் விடல. சும்மா சொல்லக்கூடாது, தண்ணி அப்படியே கெட்டியா, ஒரு... ஒரு வீரியமா இருக்கும்.

இதுக்கு என் மருமக குடுத்த மரியாதை என்ன தெரியுமா? எனக்குத் தெரியாம குழந்தைக்குக் குழாய்த் தண்ணியைப் பிடிச்சுக் குடுத்தா. கையும் களவுமா பிடிச்சேன், இதே எடத்துல. "இல்ல மாமா, நீங்க காய்ச்சினது ஒரு மாதிரி இருக்குன்னு குடிக்கமாட்டேங்கறா"ன்னா. நாக்கு தள்ள ரெண்டு மணி நேரம் அடுப்புகிட்ட நிக்கறவனுக்கு இந்தப் பேச்சு! "பெத்த புள்ளைக்கு வெஷம் குடுக்கறியா"ன்னு கேட்டுட்டேன். ஆமா, கேட்டேன். ரத்தச் சோதனை வந்த அன்னைக்கு அவ பொட்டியைக் கட்டிட்டா. தண்ணியை வெவரம் தெரிஞ்சவங்க பாத்து எழுதிக் குடுக்கற வரைக்கும் குழந்தையைக் கூட்டிட்டு வரமாட்டாளாம். பதினெட்டு நாளாச்சு. மாமியார்கிட்ட போன்ல பேசுவா. மகன் ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வருவான். நான் பேசறதில்ல. குழந்தை அங்க ஓடறாளாம், கட்டில் அடியில புகுந்துக்கறாளாம், பசிக்குதுன்னு கேக்கறாளாம். என்னைக் கேட்டா அம்மா வீட்டுச் செல்லம், வேற என்ன. அங்க காய்ச்சாத தண்ணியைத்தான் குடுப்பாங்க, எனக்குத் தெரியும்...

ஏன் பேனாவை மூடிட்டீங்க?

என்ன கேட்டீங்க? மூணு லிட்டர்ல மீதி ரெண்டு லிட்டர் எங்க போச்சா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஆவியாப் போச்சு. கிருமி செத்துப்போச்சு. சரிதானே? கிருமிக்குச் சரின்னா... வேற எதுக்குச் சரியில்ல?

அம்மா, தப்பா நெனைக்காதீங்க. யார்கிட்ட வேணா ஆவியைப் பத்திப் பேசுங்க, என்கிட்ட பேசாதீங்க. சோப்பு ஃபேக்டரியில இருபத்தொம்பது வருஷம் பாய்லர் ஓட்டினவன் நான். இந்தக் கையைப் பாருங்க, இந்தத் தழும்பு, ஆவி போட்ட முத்திரை. எனக்குக் கீழ ஒருத்தன் வேலை கத்துக்க வந்தான், தூங்குமூஞ்சின்னு பேரு வெச்சிருந்தோம். ஷிப்டுக்கு ஒரு தரம் பாய்லர் அடி வால்வைத் தொறந்து கொஞ்சம் தண்ணியை வெளிய விடணும். அவன் விடமாட்டான். "நல்லாத்தானேண்ணே கொதிக்குது, எதுக்குச் சுடுதண்ணியை வீணாக்கணும்"பான். நான் மண்டையில ஒரு குட்டு வெச்சு சொல்லுவேன். "டேய், கொதிக்கக் கொதிக்க மேல போறது வெறும் தண்ணிடா. தண்ணியில கரைஞ்சது ஒண்ணுகூட அதோட போகாது. உப்பு போகாது, சுண்ணாம்பு போகாது, இரும்பு போகாது. எல்லாம் உள்ளயே தங்கும். நீ காய்ச்சக் காய்ச்ச அது கெட்டியாகிட்டே இருக்கும். வெளிய விடலன்னா பாய்லரையே தின்னுடும். தண்ணிதான் போகும், உலோகம் எங்கடா..."

உலோகம் எங்க...

இருங்க.

இல்லம்மா. அது பாய்லர். இது குண்டா. அது பத்து டன்னு, இது மூணு லிட்டரு. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? தலையாட்டாதீங்க. தயவுபண்ணி தலையாட்டாதீங்க.

மூணு லிட்டர்ல இருந்தது மொத்தமும்... ஒரு லிட்டர்ல. அதுக்கு மட்டும். எங்க யாருக்கும் இல்ல, அதுக்கு மட்டும். வலி வந்ததும் பத்தலன்னு இன்னும் சுண்டவெச்சேனே. கோடு வேற போட்டேனே.

இந்தா, உள்ள யாரு... அடுப்பை அணை. எதுக்கா? அணைன்னா அணையேன். அந்தக் குண்டாவைக் கீழ கொட்டிடாதே, இப்படிக் கொண்டா. இந்தாங்கம்மா. இதையும் ஒரு பாட்டில் எடுத்துக்கோங்க. ஃபாரத்துல யார் காய்ச்சினதுன்னு கட்டம் இருக்கா? இல்லையா? ஓரத்துல எழுதுங்க. தாத்தான்னு எழுதுங்க.

குழாயை மாத்தணும், சரி. மாத்தற வரைக்கும் வெளியிலேர்ந்து கேன் வாங்கணும், சரி. பேட்டரிக்காரன் வீட்டுக்கும் போகணும், பதினோரு கையெழுத்தையும் திரும்ப வாங்க முடியுமான்னு... அது ஒரு பக்கம். இன்னும் என்னம்மா? நீங்க போனைப் பாக்கறீங்க. எனக்குத் தெரியும், எதைச் சொல்றீங்கன்னு தெரியும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பண்றேனே? மூஞ்சியாவது கழுவிட்டு... போன்ல மூஞ்சி தெரியாதுதான். சரி. நம்பர் இதுலதான் எங்கயோ...

ஹலோ. நான்தாம்மா. மாமா. ஐயையோ, யாருக்கும் ஒண்ணும் ஆகல! அத்தை இங்கதான் நிக்கறா, கரண்டியும் கையுமா நிக்கறா. ஏன், நான் போன் பண்ணா எழவுச் செய்திதான் சொல்லணுமா? ...சரி. சரிம்மா. இதுக்கு முன்னால பண்ணதில்லதான்.

அது வந்து... தண்ணி எடுக்க வந்திருக்காங்க. லேபுலேர்ந்து. குழாய் காரீயக் குழாயாம். ஆமா. ஆனா அது மட்டும் இல்ல. நான் காய்ச்சினேன் இல்ல... அந்த... ஏம்மா, லேப் அம்மா, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன், உங்களுக்கு வெவரமா... முடியாதா. நானேதான் சொல்லணுமா.

ஹலோ, இருக்கியா? நான் காய்ச்சினதாலதான் அதிகமாச்சு. காய்ச்சினா காரீயம் போகாது, சேரும். நீ குழாய்ல பிடிச்சுக் குடுத்த தண்ணியில ஒரு பங்கு இருந்துச்சுன்னா, நான் குடுத்ததுல மூணு பங்கு. எனக்கு இது தெரியும்மா. தெரியாதவன்னா பரவாயில்ல. இதையே இருபத்தொம்பது வருஷம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன். உன்னைப் போய் வெஷம் குடுக்கறியான்னு கேட்டேன்.

ஏதாவது சொல்லு. திட்டு. நல்லாத் திட்டு.

யாரு அது பின்னால? அணிலா? என்ன கேக்குது? தாத்தாகிட்ட பேசணுமாமா? குடு, குடு... இல்ல, வேணாம், குடுக்காதே. அப்புறம் பேசறேன். நீ முதல்ல திட்டி முடி. நான் வாயே தொறக்கல, கேட்டுக்கிட்டிருக்கேன்.