படுதாவுக்கு ஒரு அழுமூஞ்சி

கலீமுல்லா: மணி பத்தே முக்கால், அந்தோணியம்மா. பன்னெண்டுக்கு நாடக முதலாளி வண்டியோட வந்துடுவாரு. படுதாவுல கடல் ஆச்சு, புயல் ஆச்சு, ஒடஞ்ச கப்பலும் ஆச்சு. தாய்க்கு மட்டும் இன்னும் மூஞ்சி இல்ல.

அந்தோணியம்மாள்: நான் இன்னா பண்ணேன் சாயபு? ஒக்கார சொன்ன, ஒக்காந்துகினு கீறேன்.

கலீமுல்லா: சிரிக்கறியே!

அந்தோணியம்மாள்: அது தானா வருது. நீ பிரஷ்ஷைக் காதுல சொருவிகினு பார்க்கற பார்வை... மீனு வாங்க வந்தவன் செவுளைத் தூக்கிப் பார்க்கறாப்ல கீது.

கலீமுல்லா: உன் ஒரே மகன் கப்பலோட முழுகிட்டான். அதை மட்டும் நெனை.

அந்தோணியம்மாள்: எனக்கு மவனே கெடையாது. ரெண்டும் பொண்ணு.

கலீமுல்லா: இருக்கறான்னு வெச்சிக்கயேன்!

அந்தோணியம்மாள்: வெச்சிக்கறேன். பேரு இன்னா?

கலீமுல்லா: யாருக்கு?

அந்தோணியம்மாள்: மவனுக்கு. பேரு தெரியாம எப்டி அழறது? இன்னான்னு சொல்லிக் கூப்புடறது?

கலீமுல்லா: நாடகத்துல... சுந்தரராஜன். இளவரசன்.

அந்தோணியம்மாள்: அரமனைப் புள்ளையா? அங்க அழறதுக்கே ஆளு வெச்சிருப்பாங்களே. ஊருல எத்தினி பொம்பளைங்க... என்னை எதுக்குக் கூப்ட்ட?

கலீமுல்லா: லஸ்ல நீ மீன் விக்கறப்போ பார்த்தேன். மூஞ்சி படத்துக்கு ஆகும்னு தோணுச்சு. அவ்ளோதான்.

அந்தோணியம்மாள்: அவ்ளோதானா?

கலீமுல்லா: அவ்ளோதான்.

கமர் ஜஹான்: இன்னாங்க... திரைக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பாக் கேக்குது? அழற படம்னு சொன்னீங்க?

கலீமுல்லா: நீ உள்ளயே இரு, கமர். டீ போடு.

கமர் ஜஹான்: ரெண்டு தடவை போட்டாச்சு.

அந்தோணியம்மாள்: பீபிம்மா! கல்யாணம் கட்டிகினு எத்தினி வருசமாச்சு? அழற பொம்பளை மூஞ்சி எப்டி இருக்கும்னு உங்க ஊட்டுக்காரருக்கு இன்னுமா தெரியல?

கமர் ஜஹான்: என் மூஞ்சியைப் பார்த்தாத்தானே!

கலீமுல்லா: ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்களா? போச்சு... இங்க பாரும்மா. வலது கை நெத்தியில. கண்ணு மேல. வாய் கொஞ்சூண்டு தொறந்து. கன்னத்துல ஒரே ஒரு சொட்டு.

அந்தோணியம்மாள்: ஒரே சொட்டா?

கலீமுல்லா: ஒரே சொட்டு.

அந்தோணியம்மாள்: மூக்கு ஒழுவாதா?

கலீமுல்லா: மூக்கையெல்லாம் யாரும் வரைய மாட்டாங்க.

அந்தோணியம்மாள்: மூக்கே கெடையாதா?

கலீமுல்லா: மூக்கு உண்டு! ஒழுவறதுதான் இல்ல. ஓவியப் பள்ளிக்கூடத்துல நாலு வருஷம் படிச்சேன். வெள்ளைக்காரன் போட்ட படப் புஸ்தகம் பெட்டி பெட்டியா இருக்குது. யுத்தம், கொள்ளை நோய், வெள்ளம்... ஒரு மூக்காவது ஒழுவணுமே!

அந்தோணியம்மாள்: செத்தவன்?

கலீமுல்லா: அவனும் அழகாத்தான். ஒரு கை தொங்கும். துணி மடிப்பு மடிப்பா விழும்.

அந்தோணியம்மாள்: தண்ணியில செத்தவனுமா?

கலீமுல்லா: அவன் இன்னும் அழகா இருப்பான்.

அந்தோணியம்மாள்: ...அந்த வெள்ளைக்காரன் எங்க குப்பத்துப் பக்கம் வந்ததில்ல.

கலீமுல்லா: ஆங், இப்ப வந்துது! அந்த மூஞ்சி! அப்டியே... போயிடுச்சு.

அந்தோணியம்மாள்: சரி, யுத்தத்துல ராஜா செத்தா படம் பெருசா போடுவ. கூட செத்த நூறு பேரு?

கலீமுல்லா: அவங்க தூரத்துல இருப்பாங்க. எறும்பு மாதிரி. ஆளுக்கு ரெண்டு கோடு.

அந்தோணியம்மாள்: எங்களுக்கு ரெண்டே கோடா?

கலீமுல்லா: நானாவது ரெண்டு போடுவேன். சில பேரு ஒண்ணோட வுட்டுடுவாங்க.

அந்தோணியம்மாள்: எங்க கோயில்ல வியாகுல மாதா கீறாங்க. நெஞ்சுல ஏழு வாளு. பார்த்த ஒடனே தெரிஞ்சிடும், தாங்க முடியாத துக்கம்னு. எனக்கும் ஒரு கத்தி வரைஞ்சுடேன். மூஞ்சித் தொல்லையே இல்ல.

கலீமுல்லா: முதலாளி ஒத்துக்க மாட்டாரு. கத்தி மூணாவது சீன்லதான் வருது.

அந்தோணியம்மாள்: அவருக்கு இன்னாதான் வேணுமாம்?

கலீமுல்லா: படுதாவைப் பார்த்த ஒடனே மொத வரிசைப் பொம்பளைங்க முந்தானையை எடுக்கணும். அதுதான். மொதல்ல பலகையில ஒரு மூஞ்சி போட்டுக் காட்டினேன். வேணாம்னுட்டாரு. 'இவ எங்கய்யா அழறா, டிராமுக்குல்ல நிக்கறா'ன்னாரு. இன்னிக்கும் சரியா வரலைன்னா படுதாவைத் தூக்கி வேற பெயிண்டர், அந்த ஆலந்தூர்க்காரன்கிட்ட குடுத்துடுவாரு. மூணு மாசமா நான் போட்ட கடல்ல அவன் பேரு. அதுக்கப்புறம் எந்தக் கம்பெனி என்னைக் கூப்புடும்?

அந்தோணியம்மாள்: டிராமுக்கு நிக்கறவ எங்க?

கலீமுல்லா: செவுத்தோரம் திருப்பி வெச்சிருக்கறேன். அதை வுடு.

அந்தோணியம்மாள்: யாரைப் பார்த்துப் போட்ட?

கலீமுல்லா: யாரையும் இல்ல. மனசுலேர்ந்து போட்டது... கை! கை எறங்குது!

அந்தோணியம்மாள்: வலிக்குதுபா. தாது வருசப் பஞ்சத்துல ஒரு தொரை பொட்டி கொண்டாந்து படம் புடிச்சானாம். என் மாமியா அதுல கீது, அப்போ அஞ்சு வயசு. 'ஆடாதே, அசையாதே'ன்னு கத்தினானாம் தொரை. அசையறதுக்கு ஒடம்புல இன்னா கீது? எலும்பா நின்னாங்க. ரொம்ப நல்லா வந்துச்சுன்னு பொட்டியை மூடிகினு போய்ட்டானாம்.

கலீமுல்லா: கஞ்சி குடுக்கலையா?

அந்தோணியம்மாள்: கஞ்சி குடிச்சா படம் கெட்டுடாது?

கமர் ஜஹான்: ஏங்க... அவங்களுக்கு ரொட்டி ஏதாவது வேணுமா கேளுங்க.

அந்தோணியம்மாள்: வேணாம் பீபிம்மா, படம் கெட்டுடும்!

கலீமுல்லா: இதைச் சொல்றப்பவாவது மூஞ்சி வரும்னு பார்த்தேன். அப்பவும் சிரிக்கறே.

அந்தோணியம்மாள்: அது மாமியா கதை சாயபு. மாமியாளுக்கு அழச் சொல்றியா?

கலீமுல்லா: சரி, புருஷனை நெனை.

அந்தோணியம்மாள்: ...அது ரங்கூன்ல கீது.

கலீமுல்லா: கடுதாசி போடறாரா?

அந்தோணியம்மாள்: எழுதத் தெரியாது.

கலீமுல்லா: எப்போ வருவாரு?

அந்தோணியம்மாள்: கப்பல் கெடைச்சா வரும். மணி இன்னா?

கலீமுல்லா: பதினொண்ணே கால். என் கதை முடிஞ்சுது. ஆலந்தூர்க்காரன் பிரஷ்ஷைக் கழுவி வெச்சிருப்பான்.

அந்தோணியம்மாள்: இரு, இரு. நீ அழுது தொலைக்காதே. கெங்கம்மா தெரியுமா, கச்சேரி ரோட்டுல நண்டு விப்பாளே? போன வாரம் அவ கூடையைப் பூனை தள்ளிடுச்சு. நண்டு பூரா ரோட்டுல ஓடுது. அவ ஒரு அழுகை அழுதா பாரு...

கலீமுல்லா: எப்டி?

அந்தோணியம்மாள்: இப்டி. 'அய்யோ... என் ராசாங்களே... ஒண்ணொண்ணா பார்த்துப் பார்த்து எடுத்தாந்தேனே... என்னை வுட்டுட்டு சாக்கடையில எறங்கிட்டீங்களே...'

கலீமுல்லா: ஆடாதே! அசையாதே! அதே கை!

அந்தோணியம்மாள்: தொரை மாதிரியே கத்தறியே.

கலீமுல்லா: பேசாதே, அழு! கண்ணு இன்னும் மேல!

அந்தோணியம்மாள்: 'பத்துக் காலு குடுத்தானே ஆண்டவன்... ஒரு காலாவது என் பக்கம் திரும்பலையே...'

கமர் ஜஹான்: யா அல்லா... இன்னாங்க ஆச்சு? யாரு போயிட்டாங்க? எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கலயே...

கலீமுல்லா: வராதே, வராதே! வந்துகினே இருக்குது!

கமர் ஜஹான்: பாவம்... யாருங்க?

அந்தோணியம்மாள்: நண்டு, பீபிம்மா.

கமர் ஜஹான்: ...எது?

அந்தோணியம்மாள்: நண்டு. பரவால்ல, நீங்க அழுங்க. படத்துக்கு நல்லது.

கலீமுல்லா: வாயை மூடு... கன்னம்... இந்தா, ஒரு சொட்டு. ஆச்சு! பதினொண்ணு அம்பது! எழுந்து வந்து பாரு!

அந்தோணியம்மாள்: அழகா கீது. யாரு இவ?

கலீமுல்லா: நீதான்!

அந்தோணியம்மாள்: இவ்ளோ செவப்பாவா? மூக்கும் ஒழுவல. நல்ல எடத்துப் பொம்பளை.

கலீமுல்லா: முதலாளி மடக்கி வண்டியில போட்டுகினு போயிடுவாரு பாரு. கமரே அழுதுட்டா. மொத வரிசை தாங்குமா? உக்காரு, டீ குடிச்சிட்டுப் போ.

அந்தோணியம்மாள்: ...இதானே அந்தப் பலகை?

கலீமுல்லா: அதைத் தொடாதே. பெயிண்ட் காயல.

அந்தோணியம்மாள்: காஞ்சுதான் கீது.

கலீமுல்லா: அந்தோணியம்மா... வேணாம். திருப்பாதே.

அந்தோணியம்மாள்: திருப்பிட்டேன்.

கலீமுல்லா: சொன்னேனே.

அந்தோணியம்மாள்: இது நானு.

கலீமுல்லா: ...ஆமா.

அந்தோணியம்மாள்: ஐப்பசிப் புயலுக்கு மறுநாள். கரையில.

கலீமுல்லா: எல்லாரும் மணல்ல உருண்டாங்க. நீ மட்டும் இடுப்புல கையை வெச்சிகினு கடலைப் பார்த்து நின்ன. யாரோ எதுவோ கேட்டுட்ட மாதிரி... நீ இன்னும் பதில் சொல்லாத மாதிரி. அதுக்கப்புறம் எந்த மூஞ்சி போட்டாலும் அதுதான் வருது.

அந்தோணியம்மாள்: லஸ்ல பார்த்தேன்னியே.

கலீமுல்லா: நீயும்தான் ஒண்ணும் சொல்லல. என்னை அடையாளம் தெரியலைன்னு நெனைச்சேன்.

அந்தோணியம்மாள்: தெரியாமலா? இன்னிக்கு உன் வாசல்ல நிக்கறப்பவே தெரிஞ்சுது. அன்னிக்குக் கரையில ஒவ்வொருத்தரா கையைப் புடிச்சி, 'நீலச் சட்டை, கையில காயிதம் பென்சிலு, என் தம்பி, பார்த்தீங்களா'ன்னு கேட்டுகினு ஓடின. என்கிட்டயும் கேட்ட. எனக்கு வாய் வரல. அலையைக் கிட்டப் போய் வரையணும்னு அந்தப் புள்ள கெஞ்சிச்சு, என் ஊட்டுக்காரருதான் கட்டுமரத்துல ஏத்திகினு போனாரு. ரங்கூனும் இல்ல ஒண்ணும் இல்ல, சாயபு. அவரு வரவே இல்ல... உன் தம்பியாவது கரைக்கு வந்துதா?